பொறியும் கண்ணியும்: ஆங்கிலச் சொல் வரலாற்றில் ஓர் ஆய்வு

1. முன்னுரை

விலங்கையும் புள்ளையும் மீனையும் அகப்படுத்துவதற்கு மக்கள் கண்ட கருவிகளுக்கு ஆங்கில மொழியில் வழங்கும் பெயர்கள் பலவாகும். 'நெட்', 'டிராப்', 'ஸ்நேர்', 'ஜின்', 'டாயில்', 'டிராமெல்', 'நூஸ்', 'ஸ்பிரிஞ்ச்', 'பிட்ஃபால்', 'டிகாய்' எனத் தொடரும் இப்பெயர்களுள் சில இன்றும் உலக வழக்கில் உள்ளன. சில இலக்கியத்தளவில் நிற்கின்றன. அகராதிகள் இவற்றை ஒருபொருட் பன்மொழிபோல் அடுத்தடுத்து வைத்துக் காட்டும். ஆயினும் இவை ஒரே காலத்தில் தோன்றியனவும் அல்ல. ஒரே மக்களிடமிருந்து வந்தனவும் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு குடியேற்றத்தையோ, ஒரு படையெடுப்பையோ, ஒரு வாணிகத் தொடர்பையோ அடியொற்றி வந்தது.

இச்சொற்களின் பிறப்பையும் பொருள் வளர்ச்சியையும் ஆராயப் புகுந்த நமக்கு ஓர் உண்மை புலப்பட்டது. கண்ணிச் சொற்களின் வரலாற்றைத் தொடர்ந்து செல்லின், கண்ணி வைக்கும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வழக்கின் வரலாற்றிலேயே சென்று முடிகின்றோம். சொல்லாராய்ச்சி இவ்விடத்தில் சமுதாய வரலாற்றோடு பிரிக்கவொண்ணாதவாறு இணைந்து நிற்கின்றது. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆங்கிலம், இலத்தீன் முதலிய மொழிச் சொற்களை ஒலிப்பு ஏறத்தாழ அமையுமாறு தமிழெழுத்திலேயே தருகின்றோம்.

2. பழைய ஆங்கிலத்தில் புள் வேட்டுவன்

கி.பி. 1000-ஐ ஒட்டி வாழ்ந்த ஏல்ஃப்ரிக் என்னும் துறவி, மடத்துப் பள்ளிச் சிறுவர்க்கு இலத்தீன் பேசப் பழக்கும்பொருட்டு வினா விடையாக ஓர் உரையாடல் நூல் இயற்றினார். உழவன், இடையன், வேட்டுவன், மீனவன், புள் வேட்டுவன் முதலியோர் தத்தம் தொழிலைக் கூறுவதாக அந்நூல் அமைந்துள்ளது. அதன் படியொன்றில் இலத்தீன் வரிகளுக்கு மேல் 11ஆம் நூற்றாண்டில் ஒருவர் பழைய ஆங்கிலச் சொற்களை எழுதிச் சேர்த்துள்ளார். கண்ணிச் சொற்களை ஆராய்வார்க்கு இஃது ஒரு பெரும் புதையலாகும்.

பறவைகளை எவ்வாறு பிடிப்பாய் என்னும் வினாவிற்குப் புள் வேட்டுவன் ஆறு வழிகளைக் கூறுகின்றான்: வலை, கண்ணி, ஒட்டும் பசை, சீழ்க்கை, பழக்கிய வேட்டைப் பறவை, பொறி. இவற்றுள் கருவியாவன நான்கு. வலைக்கு 'நெட்' என்பதும், கண்ணிக்குக் 'கிரின்' என்பதும், பசைக்கு 'லீம்' என்பதும், பொறிக்கு 'டிரெப்பெ' என்பதும் அங்கே வழங்குகின்றன. நான்கும் செருமானிய இனச் சொற்களே. 'நெட்' என்பதற்குக் கோத்திக் மொழியில் 'நட்டி' எனவும் செருமன் மொழியில் 'நெட்ஸ்' எனவும் இனச்சொற்கள் உண்டு. 'டிரெப்பெ' என்பதே இன்றைய 'டிராப்'. செருமன் மொழியில் படிக்கட்டைக் குறிக்கும் 'டிரெப்பே' என்னும் சொல்லோடு இது தொடர்புடையது. ஆகவே, விலங்கு தன் காலை வைக்கும் இடமே இச்சொல்லால் முதற்கண் சுட்டப்பட்டது எனக் கொள்ளுதல் பொருந்தும்.

'பிட்ஃபால்' என்னும் சொல்லின் அமைப்பும் ஈண்டு நோக்கத்தக்கது. குழியில் விழுதல் என இன்றைய ஆங்கிலேயர் அதற்குப் பொருள் உணர்வர். ஆனால் அதன் பின்னுறுப்பு, பொறி என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலப் பெயர்ச்சொல்லோடு தொடர்புடையது. எலிப்பொறியைக் குறித்த பழைய ஆங்கிலத் தொகைச்சொல்லில் அதனைக் காணலாம். செருமன் மொழியில் 'ஃபாலே' இன்றும் பொறியையே குறிக்கின்றது. அப்பெயரும் விழுதற் பொருளுடைய வினையடியாகப் பிறந்ததே எனினும், ஆங்கிலத்தில் பெயர் வழக்கிழந்தது. வினைப்பொருள் மட்டும் மக்கள் செவியில் எஞ்சியது.

ஏல்ஃப்ரிக் நூலில் வேட்டுவன் தன்னை அரசனுடைய ஆள் என்கின்றான். உணவும் உடையும் அரசனிடம் பெறுகின்றான். மீனவனோ தன் மீனை நகரத்தார்க்கு விற்கின்றான். வலை இருவர் கையிலும் உள்ளது. அதற்குப் பெயரும் ஒன்றே.

3. வந்து படிந்த சொற்கள்

'ஸ்நேர்' என்பது ஸ்காந்திநேவியரின் பழைய நார்சு மொழியில் 'ஸ்நாரா' என வழங்கியது. வடபுலத்தார் இங்கிலாந்தில் குடியேறிய காலத்தை ஒட்டி இஃது ஆங்கிலத்திற் கலந்தது. கயிற்றுச் சுருக்கு என்பதே இதன் பொருள். பழைய சொல்லாகிய 'கிரின்' இதன் வரவால் உடனே அழியவில்லை. அதன் முடிவு பின்னர்க் கூறப்படும்.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் பெருகின. மானை வளைத்துப் பிடிக்கக் காட்டில் நெடுந்தூரம் கட்டும் வலை 'டாயில்' எனப்பட்டது. துணி என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து இது வந்தது; அதற்கு மூலம் இலத்தீனில் நெய்த பொருளைக் குறிக்கும் 'டேலா'. ஒப்பனையறையையும் பின்னர்க் கழிப்பறையையும் குறித்த 'டாய்லெட்' என்னும் சொல்லும் இவ்வழிப் பிறந்ததே. 'டிராமெல்' என்பது மூன்றடுக்கு வலை. வெளிப்புறத்து இரண்டு வலைகளும் பெருங்கண்ணும், நடுவலை சிறுகண்ணும் உடையன. மீன் நடுவலையை முட்டி, அதனைப் பெருங்கண்ணின் வழியே தள்ளிப் பையாக்கி, அப்பையிலேயே சிக்கும். மூன்று என்னும் எண்ணும், வலைக்கண் என்னும் பொருளுடைய 'மாகுலா'வும் சேர்ந்த பிற்கால இலத்தீன் சொல் இதன் மூலமாகும்.

பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரரிடமிருந்து வந்த சொல் 'டிகாய்'. கூண்டைக் குறிக்கும் டச்சுச் சொல்லாகிய 'கோய்' இதன் அடி. அதற்கும் மூலம் இலத்தீன் 'காவெயா'. முன்னின்ற 'டி' என்பது டச்சு மொழியின் சுட்டிடைச் சொல் என்பர் ஒரு சாரார். வாத்துக்கூண்டு என்னும் தொகையின் எச்சம் என்பர் மற்றொரு சாரார். சொல்லோடு தொழிலும் வந்தது. ஒரு குளத்திலிருந்து வளைந்து செல்லும் வாய்க்கால்களை வெட்டி, அவற்றின்மேல் வளையங்களை நட்டு வலை போர்த்துவர். வாய்க்கால் உள்ளே செல்லச் செல்ல ஒடுங்கும். கரையில் நாணல் தட்டிகளைச் சாய்வாக நிறுத்தி, அவற்றினூடே பழக்கிய நாயொன்றை ஓடவிடுவர். தட்டிகளிடையே தோன்றி மறையும் நாயைக் காணும் விருப்பால் காட்டு வாத்துகள் அதனைத் தொடர்ந்து நீந்தி உட்புகும். உரிய தருணத்தில் வேட்டுவன் அவற்றின் பின்புறம் வெளிப்படுவான். அஞ்சிய வாத்துகள் முன்னோக்கிப் பறந்து, வாய்க்காலின் கடைசியிலுள்ள வலைப்பையிற் சென்று அடையும். இரண்டாம் சார்லசு மன்னன் 1665இல் டச்சுக்காரர் ஒருவரைக் கொண்டு இலண்டன் செயின்ட் ஜேம்சு பூங்காவில் இத்தகைய அமைப்பொன்றை ஏற்படுத்தினான். பக்கிங்காம்ஷயரில் போர்ஸ்டால் என்னுமிடத்தில் இவ்வகைக் குளம் ஒன்று இன்றும் பேணப்படுகின்றது. குளத்தின் பெயராக இருந்த 'டிகாய்', பின்னர் ஏமாற்றி அழைக்கும் பறவைக்கும், அதன்பின் ஏமாற்றி அழைக்கும் ஆளுக்கும் பெயராயிற்று. விலங்கைக் காட்டி விலங்கைப் பிடிக்கும் இத்தகைய உயிரை நம் பழைய நூல்கள் 'பார்வை' எனக் குறிக்கும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டற்பாலது. ஒலியொப்புமையைக் கண்ட மாத்திரத்தே உறவு கற்பித்தல் சொல்லாராய்ச்சியில் பெரும்பிழையாகும். வலையாகிய 'டாயில்' வேறு. கடும் உழைப்பைக் குறிக்கும் 'டாயில்' வேறு. பின்னது நசுக்குதற் பொருளுடைய இலத்தீன் அடியினது. 'டிகாய்' என்பதன் பின்னுறுப்பிற்கும், நாணத்தைக் குறிக்கும் 'காய்' என்னும் ஆங்கிலச் சொல்லிற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பொறியாகிய 'ஜின்' வேறு. மதுவாகிய 'ஜின்' வேறு. மதுவின் பெயர் ஜூனிப்பர் என்னும் செடியின் பெயரடியாகப் பிறந்தது.

4. அறிவு பொறியான வரலாறு

இவ்வெல்லாச் சொற்களினும் நம் சிந்தையைப் பெரிதும் ஈர்ப்பது 'ஜின்' என்பதே. இலத்தீனில் 'இங்கேனியும்' என்றால் பிறவியிலேயே அமைந்த அறிவு. அது பிரெஞ்சில் 'ஆங்ஷேன்' ஆகி, ஆங்கிலத்தில் 'என்ஜின்' எனப் புகுந்தது. தொடக்கத்தில் அதற்கு ஆங்கிலத்திலும் அறிவு, திறம் என்பனவே பொருள். பின்னர்ச் சூழ்ச்சி என்னும் பொருள் தோன்றியது. அதன்பின் சூழ்ச்சியாற் செய்த கருவி எனப் பொருள் விரிந்து, கோட்டையைத் தகர்க்கும் போர்ப்பொறிக்கும் விலங்கைப் பிடிக்கும் பொறிக்கும் பொதுவாயிற்று. முதலெழுத்துக் குறைந்து 'ஜின்' என்றாகிய வடிவம் பெரும்பாலும் வேட்டைப் பொறிக்கு உரியதாயிற்று. 'என்ஜினியர்' என்பவர் தொடக்கத்தில் போர்ப்பொறி வல்லார்.

இப்புதிய சொல், ஏல்ஃப்ரிக் காலத்துக் 'கிரின்' என்பதை மெல்ல மெல்ல விழுங்கியது. ஒலியும் பொருளும் நெருங்கி நின்றமையின் இரண்டும் ஒன்றோடொன்று மயங்கின. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியப் பதிப்பில் சில இடங்களில் 'கிரின்' என அச்சிடப்பட்டிருந்தது. பிற்காலப் பதிப்புகள் அவ்விடங்களில் 'ஜின்' எனத் திருத்திக்கொண்டன. ஒரு சொல் மற்றொரு சொல்லின் இடத்தை ஓரெழுத்து வேறுபாட்டால் கவர்ந்துகொண்டமைக்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்' நாடகம் நான்காம் அங்கத்தில் ஒரு தாய் தன் சிறுமகனைப் பறவைக்கு ஒப்பிட்டுப் பேசுங்கால் வலை, பசை, படுகுழி, 'ஜின்' என நான்கு கருவிகளை ஒருசேரக் கூறுகின்றாள். ஏல்ஃப்ரிக்கின் வேட்டுவன் கூறிய நான்கோடு இவற்றை வைத்து நோக்கின், ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளில் வலையும் பசையும் பெயர் மாறாது நிற்க, கண்ணியின் இடத்தில் பிரெஞ்சுச் சொல் வந்து அமர்ந்திருத்தலைக் காணலாம்.

5. உள்ளத்தைப் பிணிக்கும் சொற்கள்

கருவிப்பெயர்கள் காலப்போக்கில் உள்ளத்தின் செயல்களுக்குப் பெயராதல் பல மொழிகளிலும் உண்டு. ஆங்கிலத்தில் அவ்வாறான பொருள் மாற்றத்திற்கு ஆளான சொற்கள் மிகுதி; ஆயின் மூலப்பொருள் மறைந்துவிட்டமையால் பேசுவோர் அதனை உணர்வதில்லை.

பழியையும் அவதூற்றையும் குறிக்கும் 'ஸ்காண்டல்' என்னும் சொல் கிரேக்க 'ஸ்காந்தலோன்' என்பதிலிருந்து வந்தது. பொறியில் இரையைத் தாங்கி, தொட்டவுடன் பொறியை மூடச்செய்யும் குச்சியோடு தொடர்புடையது அச்சொல். எபிரேய விவிலியத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் கண்ணியைக் குறிக்கும் எபிரேயச் சொல்லுக்கு இதனை ஆண்டனர். சமய வழக்கில் அது பிறரைப் பாவத்தில் இடறி விழச்செய்யும் செயல் எனப் பொருள்பட்டு, இறுதியில் ஊரார் தூற்றும் பழியைக் குறித்தது. 'ஸ்லாண்டர்' என்பதும் அச்சொல்லே பிரெஞ்சு வழியாகத் திரிந்து வந்த வடிவம்.

'டிசீவ்' என்பதன் இலத்தீன் மூலத்தில் பிடித்தல் என்னும் வினை உள்ளது. ஏல்ஃப்ரிக் நூலில் 'டிரெப்பெ' என்பதற்கு நேரான இலத்தீன் சொல் 'டெகிபுலா', அதுவும் இவ்வடியினதே. 'விஸ்கஸ்' என்னும் அறிவியற் சொல், புல்லுருவியின் கனியையும் அதனின்று எடுத்த பறவைப் பசையையும் குறித்த 'விஸ்கும்' என்பதிலிருந்து பிறந்தது. 'அல்யூர்' என்பதில், வல்லூற்றைத் திரும்ப அழைக்க வேட்டுவன் சுழற்றும் இறகுக்கொத்தின் பெயர் மறைந்துள்ளது. மெல்லிய பூவேலைப் பின்னலாகிய 'லேஸ்' ஒரு காலத்தில் சுருக்குக் கண்ணியைக் குறித்தது. ஏல்ஃப்ரிக் நூலில் கண்ணிக்கு வந்த 'லாக்வெயுஸ்' என்னும் இலத்தீன் சொல்லே அதன் மூலம். அம்மூலமே ஸ்பானிய மொழி வழியே மீண்டும் வந்து, மாடு பிடிக்கும் கயிறாகிய 'லாசோ' ஆயிற்று. ஒரே சொல் ஒரு வழியில் மகளிர் ஆடையின் விளிம்பையும், மற்றொரு வழியில் மேய்ச்சல் நிலத்தையும் சென்று அடைந்தது.

6. சட்டத்தின் கையில்

சொற்கள் இவ்வாறு பெருகிய காலத்தே, கருவிகளைக் கையாளும் உரிமை குறுகிவந்தது. நார்மானிய மன்னர் பெருங்காடுகளைத் தமக்கு உரியனவாக்கி, அவற்றிற்குத் தனிச்சட்டம் வகுத்தனர். மான் வேட்டையின்பொருட்டு ஒருவனும் உயிரையோ உறுப்பையோ இழத்தலாகாது என 1217ஆம் ஆண்டுக் காட்டுச் சாசனம் விதித்தது. அவ்வாறு விதிக்க வேண்டியிருந்தமையே முன்னைய நிலையைக் காட்டும்.

1381இல் உழவர் கிளர்ச்சி எழுந்து அடக்கப்பட்டது. அதன்பின் இரண்டாம் ரிச்சர்டு மன்னனின் 13ஆம் ஆட்சியாண்டில், 1389–90இல், ஒரு சட்டம் இயற்றப்பட்டது. கைவினைஞரும் கூலியாட்களும் திருநாட்களில் நல்ல கிறித்தவர் கோயிலில் இருக்கும் வேளையில் வேட்டைக்குச் செல்கின்றனர் என்றும், அதனைச் சாக்காகக் கொண்டு கூடிச் சதி செய்கின்றனர் என்றும் அச்சட்டத்தின் முகப்பு முறையிடுகின்றது. ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருவாயுள்ள நிலம் இல்லாதவரும், 10 பவுன் வருவாய் இல்லாத குருமாரும் வேட்டை நாய் வளர்த்தலாகாது. வலை, முயற்பொறி, கயிறு, 'பிற என்ஜின்கள்' ஆகியவற்றை ஆளலாகாது. மீறினால் ஓராண்டுச் சிறை. இங்கே 'பிற என்ஜின்கள்' என்னும் தொடர் கூர்ந்து நோக்கற்பாலது. எக்கருவியையும் தன்னுள் அடக்கவல்ல இச்சொல்லின் பொருள் விரிவு சட்டத்திற்குப் பெரிதும் பயன்பட்டது. அறிவு என்று பொருள்பட்ட சொல், ஏழை வைத்திருக்கக் கூடாத பொருளுக்குப் பொதுப்பெயராயிற்று.

இதற்குப் பதின்மூன்று ஆண்டுகட்கு முன்னர், 1376இல் கூடிய பாராளுமன்றத்தில் மக்களவையினர் அரசவைப் பெருந்தலைவராகிய இலாட்டிமர் பிரபுவின்மேல் குற்றஞ்சாட்டி வழக்காடினர். இவ்வகை வழக்கிற்கு அஃதே முதல் எனக் கொள்வர். இதற்கு வழங்கும் 'இம்பீச்' என்னும் சொல்லும் நம் ஆராய்ச்சிக்கு உட்பட்டதே. காலைப் பிணிக்கும் தளையைக் குறிக்கும் இலத்தீன் 'பெடிகா'வின் அடியாகப் பிறந்த இச்சொல்லுக்குத் தளையிடுதல், சிக்கவைத்தல் என்பனவே முதற்பொருள். தாக்குதற் பொருளுடைய மற்றோர் இலத்தீன் வினையோடு மயங்கிக் குற்றஞ்சாட்டுதல் என்னும் பொருள் வந்தது. ஆக, ஒரே தலைமுறையில் பெரியோரைப் பிணிக்கும் கண்ணியொன்று சட்டமொழியில் தோன்றியது. எளியோர் கையிலிருந்த கண்ணி சட்டத்தாற் பறிக்கப்பட்டது.

1671ஆம் ஆண்டு வேட்டைச் சட்டம் இதனினும் கடுமையானது. வேட்டையாடும் தகுதிக்கு ஆண்டுக்கு 100 பவுன் வருவாயுள்ள சொந்த நிலம் வேண்டுமென அது வரையறுத்தது. தகுதியில்லார் வீடுகளிற் புகுந்து நாய்களையும் வலைகளையும் கண்ணிகளையும் 'பிற என்ஜின்களையும்' தேடிப் பறிக்க நிலக்கிழாரின் காவலர்க்கு அதிகாரம் அளித்தது. இத்தகுதி வரையறை 1831இல்தான் நீக்கப்பட்டது.

7. மனிதப் பொறி

கருவி பறிபோனவனை அகப்படுத்தற்கும் ஒரு கருவி வேண்டப்பட்டது. அதுவே 'மேன்ட்ராப்', அஃதாவது மனிதப் பொறி. திருட்டு வேட்டையாடுவோரைப் பிடிக்க நிலக்கிழார் தம் காடுகளில் பற்களுடைய பெரிய இரும்புப் பொறிகளை மறைத்து வைத்தனர். மிதித்தவன் கால் எலும்பு முறியும். கம்பியில் கால் பட்டவுடன் தானே வெடிக்கும் துப்பாக்கிகளும் வைக்கப்பட்டன. ஏல்ஃப்ரிக்கின் வேட்டுவன் பறவைக்கு வைத்த 'டிரெப்பெ' எட்டு நூற்றாண்டுகளில் அவன் வழித்தோன்றலின் காலடிக்கு வந்து சேர்ந்தது.

இவ்வழக்கம் நீதிமன்றம் ஏறியது. காட்டில் கொட்டைகளைப் பொறுக்கச் சென்று, தானே வெடிக்கும் துப்பாக்கியாற் காயமுற்ற ஒருவர் தொடுத்த வழக்கில், எச்சரிக்கைப் பலகை இருந்தமையை அவர் அறிந்திருந்தார் என்பதால் இழப்பீடு இல்லை என 1820இல் தீர்ப்பாயிற்று. அடுத்த ஆண்டே சிட்னி ஸ்மித் என்னும் குருவானவர் 'எடின்பரோ ரெவ்யூ' இதழில் இக்கொடுமையைக் கண்டித்து எழுதினார். 1827இல் பாராளுமன்றம் மனிதப் பொறிகளையும் இத்தகைய துப்பாக்கிகளையும் தடைசெய்தது. இரவில் வீட்டினுள் காவலுக்கு வைத்தல் மட்டும் விலக்காயிற்று. தப்பிப்போன பெண்மயிலை மீட்கத் துலிப் மலர்த்தோட்டச் சுவரேறிக் காயமுற்ற இளைஞர் ஒருவர் சார்பில், எச்சரிக்கை தரப்படாமையைச் சுட்டி, 1828இல் மற்றொரு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1861ஆம் ஆண்டுச் சட்டமும் இத்தடையை உறுதிசெய்தது. தாமஸ் ஹார்டி 1887இல் வெளியிட்ட 'தி உட்லாண்டர்ஸ்' நாவலில் மனிதப் பொறியொன்று கதைப்போக்கில் இடம்பெறுகின்றது. அப்பொழுது அது மறைந்துபோன காலத்தின் எச்சமாகி இருந்தது.

மனிதர்க்கு வைத்த பொறி முதலில் ஒழிந்தது. விலங்கிற்கு வைத்த பொறி பின்னர் ஒழிந்தது. பற்களுடைய 'ஜின்' பொறி 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1958இல் இங்கிலாந்திலும் வேல்சிலும், 1973இல் ஸ்காட்லாந்திலும் விலக்கப்பட்டது. வடபுலத்தார் தந்த 'ஸ்நேர்' என்னும் சுருக்கும் 2023இல் வேல்சில் தடைசெய்யப்பட்டது. ஸ்காட்லாந்தும் 2024இல் அதனைத் தடைசெய்யும் சட்டம் இயற்றியது.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. ஒன்று: ஆங்கிலக் கண்ணிச் சொற்கள் செருமானியம், நார்சு, பிரெஞ்சு, டச்சு, ஸ்பானியம் எனப் பல படிவங்களாக அமைந்து, அத்தீவின் அரசியல், வாணிக வரலாற்றை நிரல்படக் காட்டுகின்றன. இரண்டு: கருவிப்பெயர்கள் வஞ்சனை, பழி, கவர்ச்சி முதலிய உள்ளப் பொருள்களுக்கு ஏறியபின் கருவியின் நினைவு மறைந்தது. மூன்று: சொல்லின் பொருள் விரிவு சட்டத்தின் கைக்கருவியாகி, எளியோர் உரிமையைச் சுருக்கப் பயன்பட்டது. 'என்ஜின்' என்னும் சொல்லின் வரலாறு இம்மூன்றிற்கும் ஒருங்கே சான்றாகின்றது.

இச்சொற்களுள் சில நம் நாட்டிற்கும் வந்துள்ளன. எலை விட்னி 1794இல் அமெரிக்காவில் உரிமம் பெற்ற, பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் 'ஜின்' என்னும் கருவியின் பெயரே நம் பருத்தி வட்டாரங்களில் 'ஜின்னிங் ஆலை' என வழங்குகின்றது. அங்கே அச்சொல் பழைய பொறிப்பொருளின் கொடுமை நீங்கித் தொழிற்கருவிப் பொருளோடு நிற்கின்றது. தமிழில் எலிப்பொறிக்கும் எந்திரத்திற்கும் 'பொறி' என்னும் ஒரே சொல் வழங்குதலும், 'என்ஜினியர்' என்பார்க்குப் 'பொறியாளர்' எனப் பெயரிட்டமையும் இவ்வாய்வின் ஒளியில் பொருள் பொதிந்தனவாகத் தோன்றுகின்றன. அவ்வாறே, நெசவின் பெயராகிய 'வெப்' என்பதைக் கணினித் துறையில் நாம் 'வலை' எனப் பெயர்த்துக்கொண்டோம். சிலந்தியின் இழை இரு மொழிக்கும் பாலமாயிற்று எனினும், ஆங்கிலச் சொல்லின் அடியில் தறியும், தமிழ்ச் சொல்லின் அடியில் வேட்டமும் உள்ளன.

வலை, கண்ணி, பொறி, சுருக்கு, பயம்பு, பார்வை முதலிய தமிழ்ச் சொற்களையும், அவற்றை ஆண்ட மக்களையும், அவர்தம் உரிமை நிலையையும் கல்வெட்டும் இலக்கியமும் கொண்டு இம்முறையில் ஆராய்தல் வேண்டும். ஒரு கருவிக்குப் பெயர் யாது என்னும் வினாவோடு அமையாது, அக்கருவி யார் கையில் இருந்தது, யார் கையிலிருந்து எடுக்கப்பட்டது என்னும் வினாக்களையும் உடன் எழுப்புவார்க்கே அவ்வாய்வு பயன் தரும்.